பெல்டியர் பெட்டி ஏன் குளிரவில்லை?

கேள்வி: தெர்மோகோல் பெட்டியில் 12706 பெல்டியர் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு) பொருத்தி, சர்க்யூட் போர்டுகளை 0 முதல் 60 டிகிரி வரை சோதிக்கப் பார்க்கிறேன். 12 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. போர்டில் தண்ணீரும் கோர்க்கிறது. என்ன செய்ய?

பதில்: முதலில் வெளிப்பக்க ஹீட்சிங்கை (சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் துண்டு) தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் கோளாறு அங்கேதான். பெல்டியர் 12 வோல்ட்டில் இழுக்கும் சுமார் 50 வாட்டும், பெட்டியிலிருந்து எடுக்கும் வெப்பமும் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். சூடான பக்கம் ஏற ஏற, குளிர்ந்த பக்கமும் கூடவே ஏறும். 120 மி.மீ. ஃபேன் உள்ள கம்ப்யூட்டர் சிபியு கூலரைப் போடுங்கள்; பெல்டியருக்கும் கூலருக்கும் நடுவே தடவும், வெப்பம் கடத்தும் தெர்மல் பேஸ்ட் மெல்லிய படலமாக இருந்தால் போதும். உள்ளேயும் ஒரு சிறு ஃபேன் கட்டாயம், இல்லையேல் மேலும் கீழும் வெப்பநிலை வேறுபடும்.

ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து பெல்டியரை அணைத்து அணைத்துப் போடாதீர்கள். அணைத்த நொடியே ஹீட்சிங்கின் சூடு பெல்டியர் வழியாக உள்ளே திரும்பும். மின்னோட்டத்தைச் சீராகக் கூட்டிக் குறைப்பதே சரி.

சூடேற்றத் தனியாக 4.7 ஓம், 50 வாட் அலுமினிய ரெசிஸ்டர். 12 வோல்ட்டில் 30 வாட் தரும். அதை அலுமினியத் தகட்டில் முடுக்கி, தெர்மோகோலில் படாமல் நிறுத்துங்கள். தெர்மோகோல் 80 டிகிரிக்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். ஆகவே 70 டிகிரியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸை ரெசிஸ்டருடன் தொடரில் சேர்க்காமல் இயக்கவே வேண்டாம்.

தண்ணீருக்கு: உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்து, மூடி விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். குளிர் சோதனை முடிந்ததும் 40 டிகிரிக்கு ஏற்றி, போர்டும் சூடான பிறகே திறக்கவும்.