‘அது காண்ட்ராக்ட்காரர் வேலை’ என்றால் விட்டுவிடாதீர்கள்

ரயிலை ஓட்டுவது ரயில்வே. கழிவறை கழுவுவது, போர்வை கொடுப்பது, சாப்பாடு விற்பது, வாசலில் வண்டி நிறுத்தக் காசு வாங்குவது எல்லாம் பெரும்பாலும் டெண்டர் எடுத்தவர் கையில். அதைப் பற்றி வந்த கடிதங்களில் சில.

காட்பாடியில் இரவு ஏறினோம். கழிவறை நாற்றம், தண்ணீரும் இல்லை. டிக்கெட் பரிசோதகர் (டிடிஇ), “அது காண்ட்ராக்ட், எனக்குச் சம்பந்தமில்லை” என்கிறார். யாரைக் கேட்பது?

ரயில்வேயைத்தான். டிக்கெட் காசை நீங்கள் காண்ட்ராக்டரிடம் கொடுக்கவில்லையே! இறங்குவதற்கு முன்பே 139-க்கு அழைத்தோ ரயில்மதத் செயலியிலோ பிஎன்ஆர், பெட்டி எண், படத்துடன் புகார் போடுங்கள். வீட்டுக்கு வந்து போட்டால் யாரும் வந்து பார்க்க முடியாது.

ஒரு நுணுக்கம். கழுவுவது ஒருவர் வேலை, தொட்டியில் தண்ணீர் ஏற்றுவது வேறொருவர் வேலை. சேர்த்து எழுதினால் ஆளுக்கு ஆள் கைகாட்டுவார்கள். இரண்டு புகாராகப் போடுங்கள்.

துப்புரவுப் பையன் பயணிகள் கருத்து எழுதும் படிவத்தோடு வந்து, “நல்லா இருக்குன்னு போட்டுடுங்க சார்” என்பான். பாவமாகத்தான் இருக்கும், எனக்கும் கை தடுமாறியிருக்கிறது. ஆனால் காண்ட்ராக்டரின் பில்லில் பிடித்தம் செய்ய அந்தப் படிவமும் புகார் எண்ணும்தான் ஆதாரம். பையனைக் குறை சொல்லாமல், எந்த நேரத்தில் எது சுத்தமாக இல்லை என்று மட்டும் எழுதுங்கள்.

ரயிலில் சைவச் சாப்பாட்டுக்கு 120 ரூபாய் வாங்கினார்கள். பில் கேட்டால் மிஷின் ரிப்பேராம். – ஆம்பூர் வாசகர்

பிரியாணி ஊரிலிருந்து ஏறிவிட்டு ரயில் சாப்பாடா! சரி, விஷயத்துக்கு வருவோம். பில் தராவிட்டால் பணம் தர வேண்டாம் என்பது ரயில்வேயே அறிவித்த விதி. சாதாரண மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஸ்டாண்டர்டு சைவச் சாப்பாடு 80 ரூபாய். ‘ரயில் நீர்’ ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீர் 2025 செப்டம்பரில் 15 ரூபாயிலிருந்து 14 ரூபாய் ஆனது. “ஸ்டாண்டர்டு மீல்ஸ்” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் கூட ஒரு இனிப்பை வைத்து ஸ்பெஷல் கணக்கில் எழுதிவிடுவார்கள். பணத்தை யுபிஐயில் கட்டினால் தடயம் இருக்கும்.

‘ஒப்பந்ததாரருக்கு அறிவுறுத்தப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் அனுப்பிப் புகாரை முடித்துவிட்டார்கள். அடுத்த வாரமும் அதே அழுக்குப் போர்வை. – குடியாத்தம் வாசகர்

எனக்குப் பிடித்த கேள்வி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போடுங்கள். ரயில்வேக்கு ஆன்லைனிலேயே போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். “ஏன் நடவடிக்கை இல்லை?” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. இந்த எண் ரயிலில், இந்த மாதத்தில், போர்வை ஒப்பந்ததாரருக்கு விதித்த அபராதம் எவ்வளவு, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவில், அந்தப் பக்கத்தின் நகல் வேண்டும் என்று ஆவணமாகக் கேளுங்கள்.

ரயில் நம் ஊர் வழியாகப் போகிறது என்பதற்காக ஒப்பந்தம் சென்னைக் கோட்டத்தில்தான் இருக்கும் என்றில்லை. அந்த ரயிலைப் பராமரிக்கிற கோட்டத்தில் இருக்கும். இடம் மாறி அனுப்பிவிட்டாலும் பயமில்லை, 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும் என்று 6(3) பிரிவு சொல்கிறது.

இங்கிலாந்தில் இருக்கும் மகன், ரயில் அரை மணி தாமதமானாலே காசு திரும்ப வருகிறது என்கிறான். இங்கே ஏன் இல்லை? – வாலாஜா வாசகி

உண்மைதான் அம்மா. அங்கே பல கம்பெனிகளில் 15 நிமிடத் தாமதத்துக்கே கட்டணத்தில் ஒரு பங்கு கிடைக்கும். அதைவிட முக்கியமானது, சேவை மோசமானால் ஒப்பந்தமே பறிபோகும். வட இங்கிலாந்தின் ‘நார்தர்ன்’ ரயில்களை 2020 மார்ச் 1 அன்று அரசே எடுத்துக்கொண்டது.

இங்கே ஐஆர்சிடிசி 2019-ல் டெல்லி–லக்னோ தேஜஸ் ரயிலைத் தொடங்கியபோது ஒரு மணிக்கு மேல் தாமதமானால் 100 ரூபாய், இரண்டு மணிக்கு மேல் 250 ரூபாய் என்று அறிவித்தது. அதுவும் 2024-ல் நின்றுவிட்டது. சாதாரண ரயில்களில் அப்படி எதுவும் இல்லை. மூன்று மணிக்கு மேல் தாமதமாகி, நீங்கள் பயணமே செய்யாவிட்டால் முழுப்பணம் உண்டு. ஆனால் ரயில் கிளம்புமுன் டிடிஆர், அதாவது பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு, போட்டாக வேண்டும்.

பயணம் செய்து நஷ்டமும் பட்டிருந்தால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் காட்ட முடியாவிட்டால் ரயில்வே நஷ்டஈடு தர வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குப் போடக் கட்டணம் இல்லை. குறை ஒப்பந்ததாரருடையது என்றால் அவரையும் ரயில்வேயையும் சேர்த்தே எதிர்தரப்பாகப் போடுங்கள்.

ஸ்டேஷன் டூவீலர் ஸ்டாண்டில் பலகையில் ஒரு ரேட், கேட்பது ஒரு ரேட்.

பலகையையும் டோக்கனையும் ஒரே படத்தில் எடுத்து ரயில்மதத்தில் ‘ஸ்டேஷன்’ பிரிவில் போடுங்கள். பலகையே இல்லையா? முதல் புகார் அதுதான்.