பத்தாண்டுக்குப் பத்தாண்டு ஆடைப் பாணி மாறுவது ஏன்?

ஆடைப் பாணி என்பது, ஒரு காலத்தில் பெரும்பாலோர் 'இதுதான் இப்போது அழகு' என்று ஏற்றுக்கொள்ளும் வடிவம். கால்சட்டையின் கால் அகலத்தைக் கவனித்தாலே அது மாறும் விதம் புரிந்துவிடும். 1970களில் முழங்காலுக்குக் கீழே விரியும் பெல்பாட்டம் எங்கும் பரவியது. 2010களில் காலோடு ஒட்டிய ஜீன்ஸ் வந்தது. 2020களில் மீண்டும் அகலம் கூடியது.

இதற்கு அடிப்படைக் காரணம், ஆடை வெறும் போர்வையாக மட்டுமல்லாமல் நாம் யார் என்பதைச் சொல்லும் அடையாளமாகவும் இருப்பதுதான். ஒரு வடிவம் எல்லோரிடமும் சென்று சேர்ந்தவுடன் அதன் தனித்தன்மை கரைந்துவிடுகிறது; அப்போது வளரும் தலைமுறை, தன் பெற்றோரிடமிருந்து வேறுபட்டுத் தெரிய விரும்பி, எதிர்த்திசையில் நகர்கிறது. குழந்தைக்குப் பெயர் வைப்பதும் இப்படித்தான்: வகுப்பில் நான்கு பேருக்கு ஒரே பெயர் இருந்தால், அடுத்துப் பெயர் தேடுபவர்கள் அதைத் தவிர்க்கிறார்கள்.

துணியின் பங்கை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம் என்பது என் கருத்து. கசங்காத பாலியஸ்டர் 1970களின் தோற்றத்துக்குத் துணைநின்றது போல, இழுத்தால் நீளும் ஸ்பான்டெக்ஸ் இழை கலந்திருந்ததால்தான் ஒட்டிய ஜீன்ஸை அணிந்து வசதியாக உட்கார முடிந்தது.

பழைய பாணி அப்படியே திரும்பி வருகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் திரும்புவது அதன் வெளிக்கோடு மட்டுமே, துணியும் தையலும் அணியும் முறையும் புதியவை.