எல்லாரையும் சமமாகப் பார்க்கும் நர்சுக்கு நியூசிலாந்தில் 'கலாச்சாரப் பாதுகாப்பு' பாடம் எதற்கு?

சமமாகப் பார்க்கிறேன் என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் பார்த்த விதம் சரியா என்று சொல்ல வேண்டியவர் கட்டிலில் படுத்திருக்கும் பேஷன்ட். அந்தப் பாடத்தின் உயிரே இதுதான். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களில் ஒருவரான இரிஹபெட்டி ராம்ஸ்டன் என்ற நர்ஸ் 1980களின் கடைசியில் இதற்காகப் பாடுபட்டார். 1992இல் நர்சிங் கவுன்சில் இதைப் படிப்பில் கட்டாயமாக்கியது. இங்கேயே பெரிய எதிர்ப்பு கிளம்பி, 1995இல் நாடாளுமன்றக் குழு விசாரிக்கும் அளவுக்குப் போனது.

நான் இங்கே மெடிக்கல் வார்டில் இருக்கிறேன். மாவோரிப் பெரியவர் ஒருவர் சாப்பாட்டைத் தொடாமலே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். 'பசியில்லை' என்று எழுதி, டயட்டீஷியனையும் கூப்பிட்டாகிவிட்டது. நான் டூட்டிக்குப் போனபோது சாப்பாட்டு மேசையில், தட்டை ஒட்டி, யூரின் பாட்டில் இருந்தது. உடம்புக் கழிவு உணவுப் பக்கமே வரக்கூடாது என்பது மாவோரி வழக்கம். காலுக்கு வைத்த தலையணையைத் தலைக்கு வைப்பதும் ஆகாது. பாட்டிலை எடுத்துவிட்டு வேறு மேசை கொண்டுவந்து போட்டேன். "முதல் நாளே சொன்னோம். திரும்பத் திரும்பச் சொன்னால் தொல்லை என்று நினைப்பீர்களோ என்று விட்டுவிட்டோம்" என்றார் மகள். அன்று மத்தியானம் பெரியவர் சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்தார். பாட்டிலை அங்கே வைத்தவர்கள் கெட்டவர்கள் கிடையாது. எல்லாக் கட்டிலுக்கும் ஒரே மாதிரி வைத்தார்கள்.

மாவோரி என்றாலே எல்லாரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. பட்டியலை மனப்பாடம் பண்ணாதீர்கள், அவரையே கேளுங்கள்.

'வெளிநாடு போனதும் நம்மூரைக் குறை சொல்கிறாள்' என்று கமென்ட் வரும். வரட்டும். நம்மூர்ப் பிரசவ வார்டில் வலியில் கத்தும் பெண் என்னென்ன ஏச்சு வாங்குகிறாள் என்பது நர்சிங் படித்த எல்லாருக்கும் தெரியும். அவள் அடுத்த செக்கப்புக்கு வராவிட்டால் 'படிக்காத ஜனம்' என்று முடித்துவிடுகிறோம். அதற்காக நர்சுகளை மட்டும் குற்றம் சொல்லவும் மாட்டேன்; அவர்களையும் யாரும் மரியாதையாக நடத்துவதில்லை. நான் முதலில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியில் ஒரிஜினல் சர்டிபிகேட்டையெல்லாம் வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். வேலையை விடும்போது பாண்ட் பணம் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். அம்மாவின் வளையலை அடகு வைத்துத்தான் மீட்டோம். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சரி, பாடத்துக்கு வருகிறேன். பாட வீடியோவைச் சும்மா ஓடவிட்டு, முடித்தாச்சு என்று டிக் அடிக்காதீர்கள். 1840இல் பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் செய்துகொண்ட வைதாங்கி ஒப்பந்தம் பற்றிய பகுதியை நிதானமாகப் படியுங்கள். மாவோரிகள் நிலத்தை இழந்த கதை தெரியாமல், ஆஸ்பத்திரியை நம்ப அவர்களில் பலர் ஏன் தயங்குகிறார்கள் என்பது பிடிபடாது.