தொட்டால் சொரசொரக்கும் பெட்டி: பள்ளிக்கு வாங்கலாமா?

கேள்வி: பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஒரு ஏஜென்ட் வந்து, ‘ஆக்மென்டட் ரியாலிட்டி பெட்டி இது. மேஜை, சுவர், பானை எதைத் தடவினாலும் மணல், பட்டு, மரப்பட்டை என்று விரலுக்குத் தோன்ற வைக்கும். வரைபடம்கூடப் படிக்கலாம்’ என்கிறார். விலை 6 லட்சம். நன்கொடையாளர் தரத் தயார். மார்ச்சுக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். பிள்ளைகளுக்கு ஷாக் அடிக்குமோ என்றுதான் பயம்.

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. ஷாக்கைவிடப் பெரிய காரணம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த வித்தை உண்மையானதுதான். மாலின்கிராட் என்ற அமெரிக்கர், விளக்கு எரியும்போது அதன் பித்தளை ஹோல்டர் விரலுக்கு அவ்வளவு வழுவழுப்பாக இல்லை என்பதைத் தற்செயலாகக் கவனித்தார். 1953-ல் இன்னும் இருவரோடு சேர்ந்து ‘சயின்ஸ்’ இதழில் அதை எழுதினார். உலோகத்தின் மேல் மின்சாரம் கடத்தாத மெல்லிய பூச்சு இருந்து, அந்த உலோகத்துக்கும் விரலுக்கும் நடுவே மின்னழுத்தம் ஏறி இறங்கினால், பரப்பு விரலை லேசாக இழுத்து இழுத்து விடும். விரல் நகரும்போது அந்த இழுப்பு உராய்வைக் கூட்டும், குறைக்கும். அதைத்தான் நாம் சொரசொரப்பு என்று உணர்கிறோம். 2012-ல் டிஸ்னியின் பிட்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் ஒலிவியே போ, இவான் புபிரெவ் இருவரும் ‘ரெவெல்’ என்ற பெயரில் இதைத் திருப்பிப் போட்டார்கள். மின்சமிக்ஞையைப் பொருளுக்குக் கொடுக்காமல், தொடுகிற ஆளின் உடம்புக்கு மிக மெல்லியதாகக் கொடுத்தார்கள். உங்கள் ஏஜென்ட் சொல்லும் பெட்டியும் இந்த வகைதான்.

(வீட்டு ஃபிரிட்ஜையோ கிரைண்டரையோ தடவும்போது இதே நறநறப்பு தெரிந்தால் ரசிக்காதீர்கள். எர்த் சரியில்லை என்று அர்த்தம். அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.)

இப்போது உங்கள் வகுப்புக்கு வருவோம். தொட்டறியும் வரைபடத்தை ஒரு பிள்ளை எப்படிப் படிக்கிறது என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இடது விரலைக் கன்னியாகுமரியில் ஊன்றிக்கொள்ளும். வலது விரல் கடலோரமாக மேலே ஏறி, தூத்துக்குடி, நாகப்பட்டினம் தாண்டிச் சென்னைக்குப் போகும். ஊன்றிய விரல்தான் பிள்ளைக்கு நங்கூரம். இந்தப் பெட்டியில் அசையாத விரலுக்கு ஒன்றுமே தெரியாது. உடம்பு முழுவதற்கும் ஒரே சமிக்ஞை என்பதால், நகர்கிற விரல்கள் பத்தானாலும் ஒரே உணர்வுதான். கோடு எங்கே மேடாகிறது, விளிம்பு எங்கே முடிகிறது என்பது கைக்கு வராது. பரப்பின் தன்மை வரும், உருவம் வராது. கை வியர்த்தால் அதுவும் மங்கிவிடும்.

‘எதைத் தடவினாலும்’ என்கிறாரே, அங்கேதான் ஏமாற்று. அடியில் உலோகமோ மின்சாரம் கடத்தும் பெயின்ட்டோ வேண்டும். மேலே கடத்தாத பூச்சு வேண்டும். பொருளும் பெட்டியும் ஒரே எர்த்தில் இணைந்திருக்க வேண்டும். விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கேமராவும் வேண்டும், இல்லாவிட்டால் வரைபடம் முழுக்க ஒரே சொரசொரப்பு. அவர் கொண்டு வந்த தகட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் வகுப்பு மரபெஞ்சை நீட்டி, ‘இதில் செய்து காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். போனின் அதிர்வு மோட்டாரையே ‘தொடு உணர்வு’ என்று விற்பவர்களும் உண்டு.

ஷாக்? முறையாகச் செய்த கருவியில் மின்னோட்டத்தை மிகக் குறைவாகக் கட்டுப்படுத்தியிருப்பார்கள், அடிக்காது. ஆனால் மின்னழுத்தம் நூறு வோல்ட்டைத் தாண்டும். மலிவு அடாப்டரோடு வரும் பெயர் தெரியாத பெட்டியைப் பிள்ளையின் உடம்போடு இணைக்க நான் சம்மதிக்கவே மாட்டேன். அதிலும் காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேட்பதற்காக அறுவை செய்து உள்காதில் பொருத்தும் மின்கருவி) வைத்த பிள்ளை. உங்கள் பள்ளியில் காதும் கேளாத பிள்ளைகள் இருக்கலாம். காக்ளியர் வைத்த பிள்ளை இந்தப் பெட்டியைத் தொடக்கூடாது. டெமோவுக்கும் கூடாது, ஒரு நிமிடத்துக்கும் கூடாது. வெளிக்கருவியைக் கழற்றிவிட்டால் போதும் என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள், உள்ளே வைத்தது உள்ளேதான் இருக்கிறது. அறுவை செய்த மருத்துவர் எழுத்தில் தந்தால் மட்டும் பார்க்கலாம். பேஸ்மேக்கர் வைத்த ஆசிரியர்களுக்கும் இதேதான்.

மார்ச் அவசரம் எனக்குப் பழக்கமானது. ஒரு பள்ளியில் லட்சக்கணக்கில் வாங்கிய பிரெய்ல் அச்சு இயந்திரம், காகிதம் வாங்கக் காசில்லாமல் துணி போர்த்திக் கிடந்ததைப் பார்த்தேன். துணியை விலக்கினால் மேலே ஒட்டிய ஸ்டிக்கர்கூடக் கிழியவில்லை. பணத்தைச் செலவழித்தாயிற்று என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் மட்டும் நேரத்துக்குப் போய்விட்டது. விண்ணப்பப் படிவத்தில் ‘நவீனத் தொழில்நுட்பம்’ என்று எழுதினால் பணம் வருகிறது, காகிதம் என்று எழுதினால் வருவதில்லை. இதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

நன்கொடையாளரிடம் ஸ்வெல் பேப்பரும் அதைச் சூடாக்கும் இயந்திரமும் கேளுங்கள். கறுப்பு மையில் வரைந்து உள்ளே விட்டால் கோடுகள் மட்டும் உப்பி எழும். டெல்லி ஐ.ஐ.டி.யில் தொட்டறியும் படங்களுக்கென்றே வேலை செய்திருக்கிறார்கள், அவர்களையும் விசாரியுங்கள். கடிதத்தில் 3 வருடத்துக்கான காகிதச் செலவையும் சேர்த்தே எழுதுங்கள். இயந்திரம் வந்த பிறகு தனியாகக் கேட்டால் தர மாட்டார்கள்.