வாசகர் கேள்வி – பதில்: ஆலயத்துக்குள் ஐயம்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, தூத்துக்குடி மாவட்டத்தில், ஊரே ஒரே சபையாக இருக்கும் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள் நான். எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தில் பல ஆண்டுகளாக ஓய்வுநாள் பாடசாலை (சிறுவர்களுக்கான ஞாயிறு வேத வகுப்பு) நடத்தி வருகிறேன்; என் மாமனார் உபதேசியாராக (குருவானவருக்குத் துணையான சபை ஊழியராக) இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு என் தம்பி மகன் இரத்தப் புற்றுநோயால் இறந்துபோனான். அவனுக்காகச் சபையே உபவாசமிருந்து ஜெபித்தது. அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறன்று, தம் மகனுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்ததற்காக ஒரு சகோதரி எழுந்து சாட்சி சொன்னார். அன்றிலிருந்து எனக்கு எதிலும் பிடிப்பில்லை. ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் ‘சரீரம் உயிர்த்தெழுதலும்’ என்ற இடம் வந்தால் இருமுவதுபோலக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொள்கிறேன். அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்துக்குப் போகவும் பயம். போகாவிட்டால் பக்கத்து வீட்டார் கேட்பார்களே என்றும் பயம். நான் மாய்மாலக்காரியா? யாரிடமாவது இதைச் சொல்லலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்கள் மாய்மாலக்காரி அல்ல, அம்மா. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இயேசு கடிந்துகொள்ளும் மாயக்காரர், மனுஷர் காணும்படி வீதிச் சந்திகளில் நின்று ஜெபித்து அதற்குரிய மதிப்பைப் பெற்றுக்கொண்டவர்கள். உங்களுக்கு இதில் கிடைப்பது மதிப்பு அல்ல, தூக்கமின்மைதான். நம்பாத ஒரு வரியைச் சொல்ல உங்கள் வாய் மறுக்கிறது என்றால், அந்த வரிக்கு ஒரு பொருள் உண்டு என்பதை நீங்கள் இன்னும் மறக்கவில்லை என்றே கொள்ளவேண்டும். பழக்கத்தின் வேகத்தில் அதைச் சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள் நம் ஆலயங்களில் ஏராளம். நானும் அவர்களோடு எத்தனையோ ஞாயிறுகள் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் பயத்துக்குச் சரித்திரக் காரணமும் ஒன்று உண்டு. கிறிஸ்தவர்களானதால் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு அடைக்கலமாக 1799இல் உங்கள் மாவட்டத்தில் முதலூர் என்ற ஊர் உண்டானது. அதன் பின்னர் அந்த வட்டாரத்தில் எழும்பிய பல ஊர்களில் ஆலயம் முதலில் வந்தது. தெருவும் பள்ளிக்கூடமும் கல்லறைத் தோட்டமும் அதைச் சுற்றி அமைந்தன. பட்டணத்தில் ஒருவர் ஆலயத்துக்குப் போகாமல் இருந்தால் அது அவருடைய சொந்த விஷயம். உங்கள் ஊரிலோ பிள்ளையின் கல்யாணம், சபைப் பள்ளியில் வேலை, அசன பண்டிகையில் பந்திக்கு அழைப்பு, கடைசியில் ஆறடி நிலம் எல்லாமே ஒரே சபைப் பதிவேட்டோடு கட்டப்பட்டிருக்கின்றன. ஆகவே, உள்ளத்தில் இருப்பதைத் துணிந்து எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள் என்று தூரத்திலிருந்து அறிவுரை சொல்வது எளிது. நான் அதைச் சொல்லப்போவதில்லை. உங்கள் மனத்தின் நிலையை ஊருக்கு அறிவிக்கும் கடமை உங்களுக்கு இல்லை.

சந்தேகம் பாவம் என்பதற்கு யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தை எடுத்துக்காட்டுவார்கள். சந்தேகப்படுகிறவன் காற்றில் அலைகிற கடலலைக்கு ஒப்பானவன் என்று அங்கே எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் அது ஞானத்தைக் கேட்டு ஜெபிக்கிறவனின் இரண்டு மனதைப் பற்றிய பேச்சு. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த குடும்பத்தை நோக்கி எழுதப்பட்டதல்ல. நம் சுவர்களிலெல்லாம் எழுதிவைத்திருக்கும் ‘நீங்கள் புறப்பட்டுப்போய், சகல ஜாதிகளையும் சீஷராக்கி’ என்ற வசனத்துக்கு இரண்டே வசனங்களுக்கு முன்னால், உயிர்த்தெழுந்தவரை நேரில் கண்டு பணிந்துகொண்டவர்களைப் பற்றி, ‘சிலரோ சந்தேகப்பட்டார்கள்’ என்று மத்தேயு எழுதியிருக்கிறார். அவர்களை விலக்கிவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் அந்தக் கட்டளை கொடுக்கப்பட்டதாக அங்கே இல்லை.

அந்தச் சகோதரியின் சாட்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் கெட்டவர் அல்லர்; நன்றி சொல்ல எழுந்தவர், முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை, அவ்வளவே. ஆயினும், கல்லூரி இடத்தை ஜெபத்தின் பலன் என்று எண்ணினால் உங்கள் தம்பி மகனின் மரணத்தை என்ன கணக்கில் எழுதுவது என்ற கேள்வி நியாயமானது. குற்றமின்றியே பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவின் புத்தகம் முழுவதும் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்த சிநேகிதர்கள்மேல்தான் அதன் கடைசி அதிகாரத்தில் கர்த்தருடைய கோபம் மூளுகிறது. எதிர்த்து வாதாடிய யோபுவே நிதானமாய்ப் பேசினான் என்று அங்கே தீர்ப்பாகிறது.

திருவிருந்தைப் பற்றிய அச்சம், ‘அபாத்திரமாய்’, அதாவது தகுதியில்லாமல், உட்கொள்ளுதலைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதிலிருந்து வருகிறது. அந்தப் பதினோராம் அதிகாரத்தைச் சற்று மேலேயிருந்து வாசித்துப் பாருங்கள்: வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு குடித்து வெறித்திருக்க, இல்லாதவர்கள் அதே கூட்டத்தில் பசியோடிருந்ததைத்தான் அவர் கண்டிக்கிறார். உள்ளத்தில் கேள்வியோடு கைநீட்டுகிறவர்களைப் பற்றி அவர் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. போக மனம் வந்தால் போங்கள்; வராத வாரம் இருக்கையிலேயே இருங்கள்.

ஓய்வுநாள் பாடசாலையை மட்டும் நான் இவ்வளவு இலகுவாக விடமாட்டேன். தாவீதின் கதையையும் நல்ல சமாரியனையும் சொல்லிக்கொடுக்க உங்களால் இன்றும் மனச்சாட்சியோடு முடியும். ஆனால் ‘ஜெபித்தால் இயேசப்பா கட்டாயம் சுகம் தருவார்’ என்று பிள்ளைகளிடம் சொல்லவேண்டிய பாடம் வரும்போது, அந்த வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். உங்களுக்கு நம்பிக்கை இல்லாததால் மட்டும் அல்ல. அந்த வகுப்பில் உங்கள் தம்பி மகனுடன் விளையாடிய பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள் என்பதால். அதுவும் இயலாவிட்டால் ஓராண்டு ஓய்வு கேளுங்கள். வீட்டில் துக்கம் நடந்திருக்கிறது என்ற காரணமே போதும், அது பொய்யும் அல்ல.

யாரிடம் சொல்வது? ஜெபக்குழுவில் வேண்டாம். அங்கே சொன்னது ‘ஜெபக் குறிப்பு’ ஆகி, மாலைக்குள் ஊரைச் சுற்றிவிடும். கத்தோலிக்கர் குருவிடம் பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு இருக்கும் இரகசியக் காப்பைப் போன்ற வழக்கம் நம்மிடம் இல்லை. உங்கள் சேகர (சில சபைகள் சேர்ந்த வட்டாரத்தின்) குருவானவரிடம் சொல்வது அவருடைய சுபாவத்தைப் பொறுத்தது. வேறு சேகரத்தில் ஓய்வுபெற்ற முதிர்ந்த குருவானவர் ஒருவரைத் தெரிந்தால் அது மேல். 1997இல் மறைந்த அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் நூலாக வெளிவந்தபோதுதான், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் கடவுளை உணராத வெறுமையோடு வாழ்ந்தது பரவலாகத் தெரிந்தது. அதை அவர் தம் ஆன்ம வழிகாட்டிகள் சிலருக்கு மட்டுமே எழுதியிருந்தார். (அவருக்கு நேர்ந்ததும் உங்களுக்கு நேர்வதும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. பிரசங்கிகள் சிலர் அப்படிச் சொல்லி எல்லாக் கேள்விகளுக்கும் மூடி போட்டுவிடுகிறார்கள்.)

உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனித்தேன். காரணம் உங்களுக்குத் தெரியும்; நான் கிளறவில்லை. ஆனால் உங்கள் தம்பியிடம் பேசிப் பாருங்கள். அவர் தினமும் இதே கேள்வியோடு எழுந்திருக்கக்கூடும். அக்காள் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை என்பதாலேயே உங்களிடம் சொல்லத் தயங்கியும் இருக்கலாம். இந்த ஐயம் முடிவில் விசுவாசமாகத் திரும்பும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க இயலாது. திரும்பாமலும் போகலாம். அப்போதும் அந்தத் தம்பிக்கு நீங்கள் அக்காள்தான், அந்த ஊர் உங்கள் ஊர்தான்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், நம்பிக்கை இல்லாமல் திடப்படுத்தல் எடுக்கமாட்டேன் என்கிறான். அதைக் கொடுக்கப் பேராயர் வரும் நாள் நெருங்குகிறது. பாட்டிக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார்கள். என்ன செய்வது?
— ஒரு தகப்பன், திருநெல்வேலி

பதில்: அவனைக் கட்டாயப்படுத்தாதீர்கள், ஐயா. குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றபோது அவனுக்காகப் பெற்றோரும் ஞானப் பெற்றோரும் கொடுத்த வாக்கை, அவன் தன் வாயால் சொந்தமாக்கிக்கொள்வதே திடப்படுத்தல். வற்புறுத்தி வாங்கினால் இந்த முறையும் நீங்களே அவனுக்காகச் சொல்வதாகிவிடும். உடன் படித்தவர்கள் வரிசையில் நிற்கும்போது தனியாக ஒதுங்கி நிற்பது அந்த வயதில் சின்ன விஷயம் அல்ல. பேராயர் மறுபடியும் வருவார், திடப்படுத்தலுக்கு வயது வரம்பும் இல்லை. பாட்டியிடம் இந்த முறை தள்ளிவைத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். அவர்கள் மேலும் கேட்டால், பதில் சொல்லவேண்டியவன் அவன். அவன் சொல்லும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள்.