ஒயர் ஆடியதா, அதைப் பாருங்கள்

வாசகர் கேள்விகளுக்கு முன்னாள் கால்பந்து நடுவர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: ஐயா, என் மகன் டல்லாஸில் வேலை பார்க்கிறான். டி.வி.யில் அமெரிக்கன் ஃபுட்பால் பார்த்தபோது, இரண்டு கம்பங்களுக்கு நடுவே போக வேண்டிய ஃபீல்டு கோல் உதை ஒன்று பாதி வழியில் விலகிவிட்டதாம். மேலே தொங்கும் கேமராவின் ஒயரில் பட்டது என்கிறான் இவன். படவே இல்லை என்கிறான் அறையில் கூட இருக்கும் பையன். இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. இதை எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, பந்தை விட்டுவிட்டு ஒயரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பந்து ஏறக்குறைய 400 கிராம். அது வேகமாக வந்து மோதினால், இழுத்துக் கட்டிய ஒயர் அதிராமல் இருக்காது. அதில் தொங்கும் கேமராவின் படமும் குலுங்கும். அடுத்தது சுழற்சி. ஃபீல்டு கோல் பந்து குட்டிக்கரணம் போட்டபடி ஒரே தாளத்தில் போகும். எதிலாவது பட்டால் அந்தத் தாளம் அதே இடத்தில் கெட்டுப்போகும். காற்றில் விலகும் பந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வளையும்.

உதைப்பவருக்குப் பின்னாலிருந்து எடுத்த படத்தை மட்டும் வைத்துச் சத்தியம் பண்ண வேண்டாம். தூர லென்ஸ் முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் ஒட்டவைத்துவிடும். மொட்டைமாடியில் நின்று பாருங்கள், தெருக்கோடியில் பறக்கும் காக்கை நம் வீட்டுக் கொடிக்கயிற்றை உரசிப் போவது போலத் தெரியும். பக்கவாட்டுப் படம் கிடைத்தால்தான் ஒரு முடிவுக்கு வரலாம்.

ஒயரைப் பார் என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரு பள்ளி மைதானத்தில். மேற்கு ஓரத்தில் கேபிள் டி.வி. ஒயர் ஒன்று தாழ்வாகப் போகும். ஒரு ஃப்ரீ கிக். பெனால்டி பாக்ஸுக்குள் பையன்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்ததில் என் கண் இருந்தது. பந்து எங்கிருந்தோ சட்டென்று செங்குத்தாக இறங்கி ஒருவன் காலடியில் விழுந்தது, கோல். "ஒயர்ல பட்டுச்சு சார்!" என்று கோல்கீப்பர் கத்திக்கொண்டே ஓடிவந்தான். அண்ணாந்து பார்த்தேன். ஒயர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கோலை ரத்து செய்தேன். உதைத்த பையன் ஒரு வார்த்தை பேசவில்லை, ஜெர்சியின் கழுத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றான். அவன் செய்த தப்பு எதுவுமே இல்லை.

உங்கள் மகன் இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே இதைவிடப் பெரிய சங்கதி நடந்திருக்கிறது. 2009 ஆகஸ்ட் 21 அன்று, ஆர்லிங்டனில் புதிதாகத் திறந்திருந்த கவ்பாய்ஸ் ஸ்டேடியத்தில் சீசனுக்கு முந்தைய ஆட்டம். டென்னசி டைட்டன்ஸ் அணியின் ஏ.ஜே. ட்ரபாசோ உயர உதைத்த பந்து, மைதானத்துக்கு மேல் 90 அடியில் தொங்கிய ராட்சத வீடியோ திரையின் அடிப்பாகத்தில் போய் இடித்தது. உதை மறுபடி எடுக்கப்பட்டது. அதே மாதத்தில், அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். விதியைத் தெளிவாக்கியது. திரையோ, கேமராவோ, அதன் ஒயரோ, பந்து எதில் பட்டாலும் அந்த நொடியே பந்து செத்தது. முதலில் ஆடத் தொடங்கிய இடத்திலிருந்தே திரும்ப ஆட வேண்டும், கடிகாரத்தையும் பின்னுக்குத் தள்ள வேண்டும். களத்தில் இருக்கும் நடுவர்கள் கவனிக்காவிட்டால் ரீப்ளே அறையிலிருந்தே மறுபரிசீலனையைத் தொடங்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசிப் பகுதி. நடுவரின் கண் பெனால்டி பாக்ஸில் இருக்கும்போது மேலே பார்க்க யாராவது வேண்டும் அல்லவா?

கேள்வி: நம் கால்பந்தில் பெனால்டி உதை கேமரா ஒயரில் பட்டால் என்ன செய்ய வேண்டும்? பையன்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.
- பயிற்சியாளர், நாகர்கோவில்

பதில்: பந்து முன்னோக்கிப் போகும்போது வெளிப்பொருளில் பட்டால் பெனால்டியைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். ஒரு விலக்கு உண்டு. பட்டும்கூடப் பந்து கோலுக்குள் போய், கோல்கீப்பரோ தடுப்பாட்டக்காரரோ அதை ஆடுவதற்கு இடையூறு இல்லாமல் இருந்தால் கோல்தான். அந்தக் குறுக்கீடு உதைத்த அணியின் வேலையாக இருக்கக் கூடாது, அவ்வளவே. கோல்கம்பத்திலோ கீப்பரிடமோ பட்டுத் திரும்பிய பிறகு ஒயரில் பட்டால் மறு உதை கிடையாது, டிராப் பால். நான் விசில் ஊதிய காலத்தில் இரண்டு அணிக்கும் ஒவ்வொருவரை நிறுத்தி நடுவில் பந்தைப் போடுவோம், கால்கள்தான் மோதும். 2019-இல் அதை மாற்றி, ஒரே அணிக்குக் கொடுத்து மற்றவர்களை 4 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்கள். நல்ல மாற்றம்.

கேள்வி: இவ்வளவு தொல்லை தரும் தொங்கும் கேமராவை எடுத்துவிட்டால் என்ன?
- கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: எடுக்க வேண்டாம் தம்பி. நடந்துகொண்டே குலுங்காமல் படம் எடுக்க உதவும் ஸ்டெடிகேமைக் கண்டுபிடித்த காரெட் பிரவுன்தான் இந்த ஸ்கைகேமையும் உருவாக்கினார். ஆட்டக்காரரின் தலைக்கு மேலிருந்து வியூகம் விரிவதை நமக்குக் காட்டியது அதுதான். ஆனால் பயமும் நியாயமானது. 2011 டிசம்பர் 30 அன்று அரிசோனாவில் நடந்த இன்சைட் பௌல் என்ற கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தில் அந்தக் கேமரா அறுந்து, அயோவா அணியின் மார்வின் மெக்நட் பக்கத்தில் விழுந்தது. மயிரிழையில் தப்பினார்.

உதைக்கும் நேரத்தில் அதை எங்கே நிறுத்துகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான்கு மூலையிலிருந்தும் ஒயர் சரிந்து கேமராவுக்கு வருவதால், கேமரா இருக்கும் இடத்தில்தான் ஒயர் தாழ்வாக இருக்கும். கேமராவை உதைப்பவருக்கு நேர் பின்னால் கொண்டுபோனால் முன்பக்கத்து இரண்டு ஒயர்களும் மேலேறி இரு மூலைக்கும் அகன்றுவிடும். நேராகப் போகும் பந்துக்கு நடுவில் தாராளமாக வழி கிடைக்கும். கேமராவை இயக்குபவர் அந்த நாலைந்து வினாடி அதைப் பின்னாலேயே அசையாமல் வைத்திருந்தால் போதும்.