நோயின் காரணமா, பட்டினியின் விளைவா?

எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவைக் கடுமையாகக் குறைக்கும் அனோரெக்சியா நோயாளிகளின் எம்.ஆர்.ஐ. படங்களில் மூளைப் புறணி (மூளையின் வெளி அடுக்கு) மெலிந்திருக்கிறது, அதையே நோயின் காரணம் என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எழுத வேண்டாம். பட்டினியே மூளையை மாற்றிவிடும். பல நாடுகளின் மூளைப் படங்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து 2022இல் வெளியான எனிக்மா கூட்டாய்வில், எடை மிகவும் குறைந்திருந்தவர்களிடம் இந்த மெலிவு அதிகம். எடையை ஓரளவு மீட்டவர்களிடம் வெகுவாகக் குறைவு.

மனமும் அப்படித்தான். 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 36 ஆரோக்கியமான இளைஞர்களை அரைப்பட்டினியில் வைத்தார். ஓயாத உணவு நினைப்பு, சமையல் புத்தகங்களில் மூழ்குவது, ஒரு வேளைச் சாப்பாட்டை நெடுநேரம் இழுப்பது, மனச்சோர்வு என எல்லாம் அவர்களுக்கும் வந்தன. நோய்க்கே உரியவை என்று நாம் எண்ணும் பல குணங்கள் இவை!

எனவே, எடை மீண்டு நெடுநாள் நிலைத்தவர்களைத் தனிக் குழுவாகச் சேருங்கள். அவர்களிடம் எஞ்சும் வேறுபாடும் பழைய பட்டினியின் வடுவாக இருக்கலாம் என்பதால், ஒரே நபரைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படமெடுப்பதே மேல். காலம் பிடிக்கும், உங்கள் வழிகாட்டியிடம் அந்த அவகாசத்தை வாதாடிப் பெறுங்கள். அதுவரை ஆய்வேட்டில் ‘தொடர்பு’ என்றே எழுதுங்கள். நோயாளிகளின் பெற்றோரும் இத்தகைய ஆய்வேடுகளைத் தேடிப் படிக்கிறார்கள்; ‘காரணம்’ என்ற சொல் அவர்களைத் தவறாக எண்ணவைக்கும்.